கையை எடு, காலை நகர்த்து: கூடைப்பந்து கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபவுல் பற்றியவை. மார்ச் மாதத்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையில் வருவதும், அதைப் போனில் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே நம் பிள்ளைகள் சிமெண்ட் கோர்ட்டில் இறங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். பாலக்காட்டு எல்லைப் பக்கத்துக் கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். மற்றவை அடுத்த இதழில்.

கேள்வி: சார், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், டீமில் கார்டு, அதாவது பந்தை நடத்திக் கொண்டுபோகிற ஆள். அமெரிக்கக் கல்லூரி மேட்சுகளில் பழசையும் புதுசையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். பழைய ஆட்டத்தில் டிஃபெண்டர் எதிராளியை இடுப்பில் கை வைத்தே தள்ளிக்கொண்டு போவார், விசிலே கேட்காது. இப்போது கை பட்டாலே ஃபவுல். எங்கள் மாஷ் (ஆசிரியர்), "இந்த ரூல் வந்ததோடு டிஃபென்ஸ் செத்துப்போச்சு" என்கிறார். நிஜமா?
– மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, உங்கள் மாஷ் சொல்வதில் பாதி சரி. பழைய மாதிரி டிஃபென்ஸ் இனி ஆட முடியாது. ஆனால் டிஃபென்ஸே செத்துவிட்டது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

2012-13 சீசனில் அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணி ஒரு மேட்சுக்கு எடுத்த சராசரி 67.5 புள்ளி. 40 நிமிட ஆட்டத்துக்கு இது ரொம்பக் குறைவு, அதற்கு முன் முப்பது வருஷத்தில் அவ்வளவு கீழே இறங்கியதே இல்லை. கோச்சுகள் வேகத்தைக் குறைத்து, அன்றைக்கு இருந்த 35 விநாடி ஷாட் கிளாக்கை (அதற்குள் ஷாட் போட்டாக வேண்டிய நேரம்) முழுசாகக் கரைத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் கை. பந்தோடு வருகிறவனின் இடுப்பில் ஒரு கை, முன்கையால் ஒரு தடுப்பு, பந்து இல்லாமல் வெட்டி ஓடுகிறவனுக்குத் தோளால் ஒரு இடி. இதையெல்லாம் கவனியுங்கள் என்று ரெஃபரிகளுக்கு வருஷா வருஷம் அறிவுரை போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் எல்லாரும் செய்கிறபோது ஒருவனை மட்டும் எப்படி ஊதுவது? அதனால் ஊதவில்லை.

2013-14-ல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) அந்த அறிவுரையை அப்படியே விதியாக்கிவிட்டது. டிரிபிள் செய்து (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) வருகிறவன் மேல் ஒரு கையையோ முன்கையையோ வைத்தபடியே இருந்தால் ஃபவுல், இரண்டு கையையும் வைத்தால் ஃபவுல், கையை நீட்டி நீட்டித் தொட்டுக்கொண்டே இருந்தால் ஃபவுல், முன்கையைக் குறுக்கே கொடுத்து அவன் போக்கைத் தடுத்தால் ஃபவுல். நாலே விஷயம்தான். சீசன் தொடங்கின நவம்பரில் விசில் மேல் விசில், ஃப்ரீ த்ரோ லைனில் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றார்கள், பார்க்கவே சலிப்பு. கோச்சுகள் பலர் வெளிப்படையாகவே புலம்பினார்கள். ஆனால் அந்த சீசன் முடிவில் சராசரி 71-ஐத் தொட்டது. அடுத்த வருஷம் விசில் தளர்ந்தது, சராசரி மறுபடி 68-க்குக் கீழே போனது. 2015-16-ல் ஷாட் கிளாக்கை 30 விநாடியாக்கி, கூடைக்கு அடியில் சார்ஜ் (வந்து மோதின எதிராளி மேல் ஃபவுல்) எடுக்க முடியாத அரைவட்டத்தை 3 அடியிலிருந்து 4 அடியாக்கி, முரட்டு ஆட்டத்தைத் திரும்பவும் கண்டிப்பாக ஊதச் சொன்னார்கள். சராசரி 72-ஐத் தாண்டியது. கிளாக் குறைந்ததற்கும் அதில் பங்கு உண்டு, எல்லாவற்றையும் விசிலின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனாலும் இந்த மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால், புத்தகத்தில் எழுதியதற்காக ஆட்டம் மாறவில்லை, ஊதின அளவுக்குத்தான் மாறியது என்பது தெரியும்.

இப்போது டிஃபென்ஸுக்கு வருவோம். விசில் கடுமையாக இருந்த அதே 2013-14-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக அணி என்ன செய்தது என்று தேடிப் பாருங்கள். நாட்டிலேயே மிகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணிகளில் ஒன்று, அவர்கள் ஆடும் ஏசிசி லீக்கில் முதலிடம், அந்த லீக்கின் கோப்பையும் அவர்களுக்கே. அப்போது கோச் டோனி பென்னட். அவர் அப்பா டிக் பென்னட் உருவாக்கிய 'பேக் லைன்' என்ற முறையைத்தான் ஆடவைத்தார். பந்து வைத்திருப்பவனை ஒருவன் மட்டும் நெருக்குவான். மற்ற நாலு பேரும் கூடையிலிருந்து சுமார் 16 அடி தூரத்தில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு அதற்கு உள்ளே நிற்பார்கள். எதிராளி எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வந்தாலும் இரண்டாவது ஆள் முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருப்பான். இதில் கைக்கு வேலையே குறைவு, நிற்கும் இடத்துக்கும் காலுக்கும்தான் வேலை. அதனால் புது விதி அவர்களைப் பெரிதாகத் தொடவில்லை. 2019-ல் இதே முறையோடு தேசியப் பட்டமும் வாங்கினார்கள்.

பாதிக்கப்பட்டது யார் என்றால், கையை நம்பி டிஃபென்ஸ் கட்டின அணிகள். கோர்ட் முழுக்கத் துரத்திப் பிரஸ் போடுகிறவர்களுக்கும் சிக்கல்தான், ஆனால் அவர்களும் ஒழிந்துபோகவில்லை. வெஸ்ட் வர்ஜீனியா அணி 2014-15-லிருந்து பிரஸ்ஸையே அடையாளமாக்கிக்கொண்டது, பந்து பறிப்பதிலும் முன்வரிசை, ஃபவுல் வாங்குவதிலும் முன்வரிசை. தெரிந்தே கொடுத்த விலை அது. பெஞ்சில் பத்துப் பேர் இருந்தால் அப்படிக் கொடுக்கலாம். நம் கல்லூரி டீமில் ஏழு பேர் வந்தாலே பெரிசு.

கை உண்மையில் என்ன செய்கிறது என்பது இதில் முக்கியம், பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. இடுப்பில் வைத்த கை எதிராளியைத் தள்ளுவதற்கு மட்டும் இல்லை. அவன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். கூடவே அவன் வேகத்தில் அரை ஸ்டெப்பும் குறையும். அந்தக் கையை எடுத்துவிட்டால் டிஃபெண்டர் இரண்டையும் இழக்கிறார். அதை ஈடுகட்டக் கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றால் எதிராளி நின்ற இடத்திலிருந்தே ஷாட் போடுவான். முன்னால் நின்றால் தாண்டிப் போவான். ஒருவனால் இதைச் சமாளிக்க முடியாது, அதனால்தான் உதவி டிஃபென்ஸ், பேசிக்கொண்டே ஆடுவது, சில அணிகள் ஸோனுக்கு (ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது) மாறுவது எல்லாம் வந்தது. ஒருவன் கையால் செய்த வேலையை இப்போது ஐந்து பேர் காலாலும் வாயாலும் செய்கிறார்கள். எனக்கு இதுதான் கூடுதல் கஷ்டமான டிஃபென்ஸாகத் தெரிகிறது, கூடுதல் அழகாகவும்.

நாளைக்கே உங்கள் டீமில் ஒன்று செய்து பாருங்கள். ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது டிஃபெண்டர் இரண்டு கையாலும் தன் ஜெர்ஸியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஆடட்டும். முதல் வாரம் எல்லாரும் சுலபமாகத் தாண்டிப் போவார்கள், விட்டுவிடாதீர்கள். இடுப்பு இறங்கும், முதல் அடி குட்டையாகும், பார்வை பந்திலிருந்து எதிராளியின் இடுப்புக்குப் போகும். அப்புறம் கையை விடுவித்துக்கொண்டு ஆடினால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அமெரிக்க ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ முதலாவது தவறினால் பந்துக்கு எல்லாரும் பாய்கிறார்கள், சில சமயம் இரண்டு ஷாட் கொடுக்கிறார்கள். நமக்கு ஏன் அப்படி இல்லை?
– வாசகர், கோபாலபுரம்

பதில்: அங்கே ஆண்கள் ஆட்டம் 20 நிமிடப் பாதி இரண்டு. ஒரு பாதியில் அணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து 'ஒன் அண்ட் ஒன்', அதாவது முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவது ஃபவுலிலிருந்து இரண்டும் உறுதி. பெண்கள் ஆட்டத்தை 2015-16-லேயே நாலு குவார்ட்டராக மாற்றி, ஒரு குவார்ட்டரின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஷாட் என்று வைத்துவிட்டார்கள். நம் பல்கலைக்கழக ஆட்டம் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனம்) விதிப்படி, அதிலும் குவார்ட்டருக்கு ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஷாட்தான். குவார்ட்டர் மாறினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதால், எட்டாவது நிமிடத்தில் உங்கள் டீம் இரண்டே ஃபவுலில் இருந்தால் கொஞ்சம் நெருக்கி ஆடத் தைரியம் வரும், வரணும்.

கேள்வி: ஐயா, என் மகள் பிளஸ் டூ, வேலந்தாவளம் பக்கம் பள்ளி அணியில் ஆடுகிறாள். போன டோர்னமெண்டில் இரண்டாவது குவார்ட்டரிலேயே மூன்று ஃபவுல், மிச்ச நேரம் முழுக்கப் பெஞ்சில். அதிலிருந்து யாராவது பந்தோடு வந்தாலே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு விலகி நிற்கிறாள். அவள் ஆட்டமே போய்விட்டது என்று பயமாக இருக்கிறது.
– ஓர் அம்மா, வேலந்தாவளம்

பதில்: அம்மா, பயப்பட வேண்டாம், இது நன்றாக ஆடும் பிள்ளைகளுக்கு வருகிற தயக்கம்தான். டிஃபென்ஸில் ஒதுங்கியே நிற்கிற பிள்ளைக்கு மூன்று ஃபவுல் எங்கே வரப்போகிறது?

அவளிடம் முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்குங்கள். ஃபிபா விதியில் கை பட்டதெல்லாம் ஃபவுல் இல்லை. கை பட்டதால் எதிராளியின் போக்கு தடைப்பட்டதா, நியாயமில்லாத லாபம் கிடைத்ததா என்றுதான் ரெஃபரி பார்க்க வேண்டும். கையை வைத்து வைத்தபடியே தடுத்தால் ஃபவுல், திரும்பத் திரும்பக் கையை நீட்டிச் சீண்டினாலும் ஃபவுல், அது முரட்டு ஆட்டத்தில் கொண்டுபோய் விடும் என்று விதியிலேயே காரணமும் சொல்லியிருக்கிறது. மற்றபடி அவள் நிற்கிற இடம் அவளுடையது. முன்னால் உள்ளங்கை வரை, பின்னால் இடுப்பின் பின்பக்கம் வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளி விளிம்பு வரை, தரையிலிருந்து நேர் மேலே அவள் குதிக்கிற உயரம் வரை அவளுக்குச் சொந்தம். அதற்குள் அவள் நேராகக் குதித்து, எதிராளி வந்து மோதினால் தப்பு எதிராளியுடையது. விலகி நிற்கத் தேவையே இல்லை.

அந்த மூன்று ஃபவுலும் எப்படி வந்தது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை இந்த வயதில் ஃபவுல் பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். ஒன்று, எதிராளி தாண்டிப் போன பிறகு பின்னாலிருந்து பந்தைத் தட்டப் பார்ப்பது. இன்னொன்று, ஷாட் போடுகிறவளின் பந்தை மேலிருந்து கீழே அடிப்பது. முதலாவதற்கு மருந்து, தாண்டிப் போனவளை விட்டுவிட்டு வளைந்து ஓடி அவளுக்கு முன்னால் போய் நிற்பது. இரண்டாவதற்கு, கையைக் கீழே இறக்காமல் நேராக மேலேயே வைப்பது. பந்தைப் பறிக்க நினைத்தால் கீழிருந்து மேலே தட்டச் சொல்லுங்கள், மேலிருந்து அடித்தால் பந்தில் பட்டிருந்தாலும் கையில் பட்ட மாதிரி தெரியும், விசில் வந்துவிடும்.

பயிற்சியாளர் அவளை மிச்ச நேரம் முழுக்க உட்காரவைத்தது எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாவது ஃபவுலுக்குத்தான் வெளியே போகணும், மூன்றில் ஒரு பிள்ளையைப் பயந்து பெஞ்சில் வைத்தால் மிச்சம் இருக்கும் இரண்டையும் யாருக்கும் பயனில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள், அவ்வளவுதான். மூன்றாவது குவார்ட்டரில் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து, கடைசிக் குவார்ட்டரில் இறக்கியிருக்கலாம். இதை அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். கீது அன்னா ஜோஸ் மாதிரி ஒருவரை 2011-ல் டபிள்யூஎன்பிஏ என்ற அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகளின் தேர்வு வரை அனுப்பிய மாநிலம் இது. நம் பெண்பிள்ளைகள் ஃபவுலுக்குப் பயந்து ஒதுங்குவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: பிளாக்கா, சார்ஜா? ஒவ்வொரு ரெஃபரியும் ஒவ்வொரு மாதிரி ஊதுகிறார்.
– வாசகர், வண்ணாமடை

பதில்: ஃபிபா விதியில், ஷாட்டுக்கு எழும்புகிறவனின் கால் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன் நீங்கள் சரியான நிலையில் நின்றுவிட்டால் அவன் மோதுவது சார்ஜ். கிளம்பின பிறகு குறுக்கே போனால் உங்கள் தப்பு, அதுதான் பிளாக். அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2023-24-லிருந்து இன்னும் கடுமை: எழும்புவதற்காகக் கடைசிக் காலை ஊன்றும்போதே நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது. காற்றில் இருக்கிறவனுக்கு அடியில் கடைசி நொடியில் புகுந்து விழுவதை நான் டிஃபென்ஸ் என்று சொல்ல மாட்டேன், அதுவும் நம் சிமெண்ட் தரையில் இரண்டு பேருக்கும் முழங்கை போய்விடும். கூடைக்கு அடியில் உள்ள அரைவட்டத்துக்குள் நின்றால் சார்ஜ் கிடையாது, ஃபிபாவில் அது 1.25 மீட்டர். நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் பாதியில் அந்தக் கோடே போட்டிருப்பதில்லை, மேட்சுக்கு முன்னால் சுண்ணாம்பாலாவது போட்டுவிடுங்கள்.

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர் நான், உள்ளூர் மேட்சுகளுக்கு ரெஃபரியாகவும் நிற்கிறேன். கண்டிப்பாக ஊதினால் 'ஆட்டத்தைக் கெடுத்துட்டீங்க மாஷே' என்கிறார்கள், விட்டால் கைகலப்பு வரை போகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர், பொள்ளாச்சி மேட்சில் ஆடிவிட்டு வரும் பையன்கள் 'அங்கே இதெல்லாம் ஊத மாட்டாங்க' என்கிறார்கள். எது சரி?
– ஆசிரியர், மீனாட்சிபுரம்

பதில்: மாஷே, கண்டிப்பாக ஊதுங்கள். ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில் எதை ஊதினீர்களோ, அதையே கடைசி ஐந்து நிமிடத்திலும் ஊதுங்கள். பையன்களுக்குக் கோபம் வருவது ஃபவுலால் இல்லை. முதல் குவார்ட்டரில் தப்பு என்று சொன்னதைக் கடைசியில், ஒரு புள்ளி வித்தியாசத்தில், கண்டும் காணாமல் விடுகிறோமே, அதில்தான். 'பையன்களே முடிவு பண்ணட்டும்' என்று கடைசி நிமிடத்தில் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதைப் பெருந்தன்மை மாதிரி பேசுகிறார்கள். அப்போது உண்மையில் முடிவு பண்ணுவது பலமாகத் தள்ளுகிறவன். வேகத்தையும் திறமையையும் வைத்து மேட்ச் முழுக்க ஆடின ஒல்லிப் பையனிடமிருந்து கடைசி நிமிடத்தில் அதைப் பிடுங்கி எடுத்துவிடுகிறோம். அமெரிக்கக் கல்லூரிகளிலும் 2013-14-ல் தொடங்கின கண்டிப்பு சீசன் போகப் போகத் தளர்ந்தது என்ற குறை இருந்தது, அதைச் சரிசெய்யத்தான் திரும்பத் திரும்ப வலியுறுத்த வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே மூன்று ரெஃபரிகள். நம் பக்கம் பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர் பந்தோடு, ஒருவர் கூடைக்கு அடியில். பந்து இல்லாத பக்கத்தில் ஓடுகிறவனை யார் பிடித்து இழுத்தாலும் கண்ணில் படாது, முதல் முழங்கை அங்கேதான் விழுகிறது. இரண்டாவது முழங்கையைத்தான் நாம் ஊதுகிறோம், அதனால் பதிலுக்கு அடித்தவன் மாட்டுகிறான். பந்து உங்கள் பக்கத்தில் இல்லாதபோது பந்தைப் பார்க்காதீர்கள் என்பதுதான் இதற்கு நான் சொல்லக்கூடியது, பழகக் கஷ்டம்தான், பழகிவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். மேட்சுக்கு முன்னால் இரண்டு கேப்டனையும் கூப்பிட்டு, 'கையை வைத்து நிறுத்தினால் முதல் தடவையே ஊதுவேன், போஸ்டில் (கூடைக்குப் பக்கத்தில்) இடுப்பாலும் தோளாலும் இடம் பிடுங்கினாலும் ஊதுவேன்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கோயம்புத்தூரில் என்ன ஊதுகிறார்கள் என்ற பேச்சே வேண்டாம். எல்லைக்கு இரண்டு பக்கமும் புத்தகம் ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் கோர்ட் திறந்தவெளி. ஆடி மாதம் கணவாய்க் காற்றில் மூன்று புள்ளி ஷாட் எங்கேயோ போகிறது. எங்கள் டீமில் உயரமும் இல்லை. விசில் கடுமையாக இருந்தால் எங்களுக்கு லாபமா நஷ்டமா?
– கல்லூரி அணி கேப்டன், நல்லேப்பிள்ளி

பதில்: லாபம்தான் தம்பி, பயன்படுத்திக்கொண்டால். காற்று வெளி ஷாட்டை எடுத்துக்கொள்கிறது என்றால் புள்ளி வர வேண்டியது உள்ளே புகுந்து போடுவதில்தான். உள்ளே புகுகிறவனை இடுப்பில் கை வைத்து நிறுத்த முடியாது என்றால் குட்டையான, வேகமான பையனுக்குத்தான் வழி திறக்கிறது. ஆகவே வேகமான இரண்டு கார்டுகளை ஆரம்பத்திலேயே உள்ளே அனுப்புங்கள், எதிரணியின் ஐந்தாவது டீம் ஃபவுல் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. மூன்றாவது ஃபவுல் வாங்கின அவர்களுடைய உயரமான ஆள் மேலேயே அடுத்த இரண்டு தாக்குதலும் ஓடட்டும்.

நீங்கள் டிஃபென்ஸ் ஆடும்போது காற்றும் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் வெளி ஷாட் போகாது. அதனால் வெளியே துரத்திப் போய் ஃபவுல் வாங்க வேண்டாம், முதல் கடிதத்துக்குச் சொன்ன பேக் லைன் மாதிரி நாலு பேர் உள்ளே நில்லுங்கள், ஷாட் போடட்டும், ரீபவுண்டுக்கு (தவறி வரும் பந்துக்கு) ஆளைப் பின்னால் அடைத்து நில்லுங்கள். காற்று குறுக்கே அடிக்கிறபோது தவறின பந்து காற்று போகும் பக்கமாகத்தான் தள்ளிப்போய் விழும், ஒருவனை அந்தப் பக்கம் முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். கடைசியாக, ஃப்ரீ த்ரோ. இவ்வளவு ஃபவுல் வாங்கிக் கொடுத்துவிட்டு லைனில் நின்று கோட்டை விட்டால் எல்லாம் வீண். தினமும் பயிற்சி முடிந்து மூச்சு வாங்குகிற நேரத்திலேயே போடச் சொல்லுங்கள், அதுவும் அந்தக் காற்றிலேயே.